பாட்டு வெட்டின கொப்பி

சென்ற மாதம் மதுரங்குளியில் ஒரு கல்யாண வீடு. சாப்பாடு முடிந்து சும்மா இருந்த நேரம், மணப்பெண்ணின் கூட்டாளிப் பெண்கள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

“சுலைகா ராத்தா, நீங்க அந்தக் காலத்துல படம் வெட்டுற வேல பாத்தீங்களாமே? உண்மையா? கத்தரியாலயா வெட்டுவீங்க?”

“கத்தரி இருந்திருந்தா மொதல்ல ஒன்ட நாக்கத்தான் வெட்டியிருப்பன்,” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒருத்தியின் கையில் போன். அதில் ஏதோ ஒரு துருக்கி நாடகம் தமிழில் கதைத்துக்கொண்டு ஓடியது. கதாநாயகன் கதாநாயகியின் பக்கம் மெல்லக் குனிந்தான். பக்கத்தில் தன் மாமியார் இருப்பதைப் பார்த்த போன்காரி, திரையை இரண்டு தட்டுத் தட்டினாள். நாடகம் ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் போய் நின்றது. மாமியார் ஒன்றும் காணாதவர் போல வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அந்த இரண்டு தட்டுத்தான் பிள்ளைகளே, எங்களுடைய தொழில். அதைச் செய்ய எங்களுக்கு இரண்டு வீடியோ டெக், இரண்டு ஆள், ஒரு முழுப் பகல் வேண்டியிருந்தது. சிரிப்பதென்றால் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் மாப்பிள்ளை வந்துவிட்டார், எல்லாரும் எழுந்து ஓடிவிட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டினபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, புத்தளத்துக்குப் பக்கத்தில் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். நிஸ்தார் நானா புத்தளத்து ஆள். சந்திக்குப் பக்கத்தில் வீடியோக் கடை வைத்திருந்தார். பெண்கள் கடைக்கு வந்து படம் எடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. ஆண்கள் எடுத்துக்கொண்டு போகிற படமோ, முழுக்க அடிபிடி. வீடு வீடாகக் கசட் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். எனக்கு வேலை தேவைப்பட்டது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டெக்கின் தலையைத் துடைக்கிறது, கடற்காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்தால் மெல்லத் துடைத்தெடுக்கிறது, திருப்பிச் சுற்றாமல் தருகிற வீட்டாருக்கு முகம் கோணாமல் இரண்டு வார்த்தை சொல்கிறது, எல்லாம் ஒரு நோன்புக்கும் அடுத்த நோன்புக்கும் இடையில் பழகிவிட்டது. கடைசியில் சொன்னது மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. முகம் கோணும், வார்த்தையும் இரண்டோடு நிற்காது.

நிஸ்தார் நானா குரலை உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. மெலிந்த மனிதர், எப்போதும் வெள்ளைத் தொப்பி. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் கடைக்குள் யார் நின்றாலும் எழுந்து போய்விடுவார். ஒரு படம் வந்தால் அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: “தங்கச்சி, குடும்பத்தோட பாக்க ஏலுமா?” நடிகர் யார், கதை என்ன, ஒன்றும் கேட்கமாட்டார். ஏனென்றால் கடை தொடங்கிய நாளிலேயே பள்ளிவாசல் ஆட்கள் வந்து, இப்படியொரு கடை ஊருக்குள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு பார்க்க முடியாத எதுவும் இந்தக் கடையிலிருந்து வெளியே போகாது என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கொடுத்த வாக்குக்காகத்தான் இந்த வெட்டு.

வெட்டுகிற விதத்தைச் சொல்கிறேன். கடையின் பின் அறையில் ஒரு மேசை. இடப்பக்கத்து டெக்கில் முழுப் படம், வலப்பக்கத்து டெக்கில் வெறும் கசட், நடுவில் டீவி. இங்கே ஓடுவது அங்கே பதியும், அதுதான் கொப்பி. நானா கதிரையைப் போட்டு, வலப்பக்கத்து டெக்கில் பதிவை இடையில் நிறுத்தி வைக்கும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்காருவார். தாலாட்டு, அழுகிற பாட்டு என்றால் விட்டுவிடுவார். ஆட்டம், கட்டிப்பிடிப்பு என்றால் இசை தொடங்கின உடனே பொத்தானை அமுக்குவார். அமுக்கினதோடு சத்தத்தையும் குறைத்துவிட்டு, தானும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். சுவரில் பள்ளிவாசல் கலண்டர் தொங்கும். பாட்டு முடியும்வரை அதில் தொழுகை நேரங்களை வாசிப்பார்.

பார்க்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார் என்றால், பாட்டு முடிந்ததை யார் சொல்வது? அதற்குத்தான் நான்.

“முடிஞ்சிச்சா தங்கச்சி?”

“இன்னும் இல்ல நானா. இப்ப வேற உடுப்பு மாத்தி ஓடுறாங்க.”

“அதெல்லாம் எனக்குச் சொல்லத் தேவல்ல. முடிஞ்சா மட்டும் சொல்லுங்க.”

பாட்டு கொஞ்சம் நீண்டால் பதிகிற டெக் அவ்வளவு நேரம் காத்திருக்காது, தானாக முழுக்க நின்றுவிடும். பிறகு எல்லாம் முதலிலிருந்து. ஒரு படத்துக்கு ஒரு பகல் போனது இப்படித்தான்.

இதில் வந்த வில்லங்கங்களைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு படத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் கல்யாணம் முடிப்பதே ஒரு பாட்டுக்குள்தான். நாங்கள் பாட்டை வெட்டிவிட்டோம். எங்கள் கொப்பியில் இரண்டு பேரும் பஸ் நிலையத்தில் சண்டை பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அடுத்த காட்சியில் கையில் பிள்ளை இருக்கும். நான் படம் கொடுக்கிற வீடுகளில் ஒன்றில், ஆமினா மாமி உள்ளேயிருந்து கசட்டைக் கொண்டுவந்து என் கையில் அடித்தாற்போல் வைத்தார். “நிக்காஹ் இல்லாமப் புள்ளயா? இதையா நிஸ்தார் குடும்பத்தோட பாக்கச் சொல்றான்?” நான் நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “கல்யாணம் நடந்ததெண்டு நீங்க வீடு வீடாச் சொல்லிருங்க தங்கச்சி,” என்றார். அந்த வாரம் முழுக்க நான் வாசலுக்கு வாசல் நின்று, அவர்கள் முறைப்படி கல்யாணம் முடித்தவர்கள் என்று சாட்சி சொன்னேன்.

இன்றைக்கு இருக்கிறவர்கள் இதைக் கேட்டால் நானாவைக் கட்டுப்பெட்டி என்பார்கள். சொல்லட்டும். ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற வீட்டில், வந்த இடத்தில் அழுது முடியாத பெண்கள் கொஞ்சம் சிரித்துக்கொண்டு ஒரு படம் பார்க்க முடிந்தது அந்தக் கொப்பிகளால்தான். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

இனி, உடப்புப் பாக்கியம் அக்காவின் கதை. சொல்ல வந்ததே இதைத்தான்.

பாக்கியம் அக்கா கருவாடு கொண்டு வருகிறவர். உடப்பு என்கிற மீனவ ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து தில்லையடியில் வாசல் வாசலாக விற்பார். நானும் வாசல் வாசலாகப் போகிறவள் என்பதால் அடிக்கடி சந்திப்போம். என் பையில் படம், அவரின் பையில் கருவாடு. ஒரு நாள் இரண்டு பையையும் ஒரே நிழலில் வைத்துவிட்டுக் கதைத்ததில், நாலு கசட்டிலும் கட்டாக் கருவாடு மணத்தது. நானா மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது குடும்பத்தோட பாக்க ஏலாது,” என்றார். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் ஒரு வீட்டில் எங்கள் கசட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நம் இலங்கையிலேயே முந்தி எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம். கருவாடு நிறுத்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா டீவியைப் பார்த்தவர், தராசைக் கீழே போட்டுவிட்டார்.

“தங்கச்சி, இந்தப் படமா? இது ஒங்கட கடைலயா இரிக்கு?”

“ஓம் அக்கா. ஏன்?”

“இதுல எங்க வீட்டுக்காரரு இரிக்காரு.”

அந்தப் படத்தின் ஒரு பாட்டை உடப்புக் கடற்கரையில் எடுத்தார்களாம். முன்னால் கதாநாயகனும் கதாநாயகியும் ஆட, பின்னால் ஊர் ஆட்கள் கரைவலை இழுத்திருக்கிறார்கள். அதில் அவருடைய கணவரும் ஒருவர். படம் எடுத்துச் சில மாதத்தில் அவர் கடலோடு போய்விட்டார். அப்போது பாக்கியம் அக்காவின் வயிற்றில் பிள்ளை. படம் சிலாபத்துத் தியேட்டருக்கு வந்தபோது, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததாம்.

“அடையாள அட்டைப் படம் ஒண்டுதான் வீட்ல இரிக்கு. அதுல மொறச்சிக்கிட்டு இருப்பாரு. அவரு அப்படி ஆளே இல்ல தங்கச்சி, சிரிச்ச மொகம். கோமதிக்கு அடுத்த வெள்ளிக்கிழம தாலி கட்டு. அப்பா எப்படி இருப்பாரு, எப்படி நடப்பாரு எண்டு கேட்டுக்கிட்டே இரிக்காள். தாலி ஏற முந்தி ஒருக்காக் காட்டிறணும்.”

என் தகப்பனைப் பார்க்க எனக்கு ஒரு அடையாள அட்டைப் படம்கூட இல்லை. வாப்பா மௌத்தாகி அடக்கின பிறகு எங்களிடம் இருந்த ஒரே படம், வந்த அவசரத்தில் மன்னார் வீட்டு அலுமாரியோடு நின்றுவிட்டது. அந்தக் கசட்டை அந்த வீட்டாரிடம் கெஞ்சி வாங்கி, அங்கேயே பாக்கியம் அக்காவின் கையில் கொடுத்துவிட்டேன். நாங்கள் வெட்டின கொப்பி அது என்கிற நினைப்பு அந்த நேரம் வரவேயில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாக்கியம் அக்கா கடை வாசலுக்கே வந்தார். கருவாட்டுப் பை இல்லை. கூட கோமதி. அம்மாவைவிட உயரம், வாய் திறக்காத பிள்ளை. பாக்கியம் அக்கா கசட்டை மேசையில் வைத்தார். சண்டை பிடித்திருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லித் தப்பியிருப்பேன். அவர் சண்டை பிடிக்கவில்லை.

“டெக் வாடகைக்கு எடுத்து, சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சிப் போட்டம் தங்கச்சி. கடற்கரைக்கு வாறாங்க, இசையும் கேக்குது. டக்கெண்டு பாத்தா வீட்டுக்குள்ள சோறு தின்னுக்கிட்டு இரிக்காங்க. மறுகா மறுகா போட்டுப் பாத்தம். அவரு வரல்ல.”

நிஸ்தார் நானா கல்லாவுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார். முழுப் படமும் எங்களிடம் இல்லை. கொப்பி எடுத்து முடிந்ததும் அதன் மேல் இன்னொரு படத்தைப் பதிந்துவிடுவோம். புதுக் கசட் லேசில் கிடைக்காது என்பது ஒன்று. முழுப் படம் கடையில் இருந்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்று நானாவுக்குப் பயம் என்பது இன்னொன்று. அன்றைக்கே அவர் புத்தளத்தில் இருந்த கடைகளில் தேடினார். அடுத்த நாள் கடையை என்னிடம் விட்டுவிட்டுச் சிலாபம் போய் வந்தார். அங்கே எல்லாரும் சீடிக்கு மாறி, பழைய கசட்டுகளை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்கள். வெறுங்கையோடு வந்து, கதிரையில் இருந்து, குடிக்கக் கொடுத்த தேத்தண்ணீரை ஆறவிட்டார்.

“அந்தப் பாட்டு முடிஞ்சிச்செண்டு நான்தானே நானா சொன்னேன்,” என்றேன்.

“வெட்டினது என்ட விரல். நீங்க சும்மா இருங்க.” பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தங்கச்சி, அந்தத் தாயையும் மகளையும் நாளைக்குப் பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. வெளிய ஒருத்தருக்கும் சொல்லவேணாம்.”

நானாவின் மனைவி ஜெஸீமா ராத்தாவுக்குக் கால்கள் இரண்டும் வழங்காது. கடைசிப் பிள்ளை கிடைத்த கையோடு விழுந்தவர். வருடக்கணக்காக ஒரே அறை, ஒரே கட்டில். நாங்கள் போனபோது கட்டிலுக்கு எதிரே டீவியும் டெக்கும் இருந்தன. நானா அலுமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் அடுக்கியிருந்த கசட்டுகளில் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு பெயரும் எழுதியிருக்கவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெஸீமா ராத்தாதான் சிரித்துக்கொண்டே சொன்னார். “நீங்க கடைல வெட்டுறது எல்லாம் இதுகள்லதான் இரிக்கு சுலைகா. எனக்குப் பாட்டெண்டாப் பைத்தியம். அவர் படத்த வெட்ட முந்தி, கடை டெக் ஒண்டோட இங்க கொண்டாந்து, பாட்டு மட்டும் எனக்குப் பதிஞ்சி தருவார்.”

யா அல்லாஹ், இந்த மனிதரா! வாய் பிளந்து அவரைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்துபோய் நின்றார். பள்ளிவாசலுக்கு வாக்குக் கொடுத்தவருடைய அலுமாரியில், ஊருக்காக வெட்டின அத்தனை ஆட்டமும் அடுக்கு அடுக்காக. வெளியே ஒரு சொல் போனால் அவருடைய பெயர் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? “அப்ப இங்க பாட்டு முடிஞ்சிச்செண்டு ஒங்களுக்கு ஆரு நானா சொல்றது?”

“நான்தான்,” என்றார் ஜெஸீமா ராத்தா. “இங்கயும் அவர் செவரத்தான் பாத்துக்கிட்டு நிப்பார்.”

நானா கசட்டைப் போட்டு, தேடித் தேடி முன்னால் ஓட்டினார். அவர் பார்ப்பது டெக்கில் ஓடும் இலக்கத்தை மட்டும். ஜெஸீமா ராத்தா கட்டிலில் இருந்தபடி, “இன்னும் கொஞ்சம்... ஆ, இதுதான்,” என்றதும் நிறுத்தி, ஓடவிட்டு, பழக்கம் மாறாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இசை வந்தது. கடற்கரை வந்தது. கதாநாயகன் ஓடினான், கதாநாயகி ஓடினாள். நாங்கள் நாலு பெண்களும் அவர்களை விட்டுவிட்டுப் பின்னால் தேடினோம். தூரத்தில் கயிறு, கயிற்றைப் பிடித்து வரிசையாக ஆட்கள், வெறும் மேல், தலையில் துணி. முகம் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை கமரா கொஞ்சம் கிட்ட வந்தது.

“அந்தா! அந்தா கோமதி, ரெண்டாவதா நிக்கிறவரு! ஒன்ட அப்பா!”

இழுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதன் தலையைத் திருப்பி நேரே எங்களைப் பார்த்தான். பார்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருப்பார்கள் போல. பார்த்துவிட்டு, பிடிபட்டவன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, திரும்பவும் கயிற்றில் குனிந்தான். அவ்வளவுதான். கோமதி எழுந்து போய் டீவிக்கு முன்னால் முட்டுக்காலில் நின்றாள். அதே கன்னம், அதே பல். அவள் சிரித்ததை அதுவரை நான் காணவில்லை, அன்றைக்குத்தான் கண்டேன்.

“மொதலாளி,” என்று பாக்கியம் அக்கா அழுகையோடு கூப்பிட்டார். “திரும்பிப் பாருங்க மொதலாளி. எங்க வீட்டுக்காரரு. நீங்களும் பாருங்க.”

நானா அசையவில்லை. ஜெஸீமா ராத்தாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை பாட்டு, எத்தனை வருடம், ஒரு தடவைகூடத் திரும்பாத மனிதர்.

“திரும்புங்களேன்,” என்றார் ஜெஸீமா ராத்தா மெதுவாக. “அந்த மனிசன் வந்திரிக்காரு.”

நானா திரும்பினார். ஒரு கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளி வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். பாட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடியும் விட்டார். கதாநாயகனும் கதாநாயகியும் திரை நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானா இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார்.

“இந்த ரெண்டு பேரும் ஏன் முன்னால நிண்டு அந்த மனிசன மறைக்கிறாங்க?” என்றார் கோபமாக.

எங்களுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அன்றைக்குப் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டோம். கோமதி ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்புக்கு முந்தியே சிரிக்கப் பழகிவிட்டாள். ஒருவரும் முடிந்தது என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை, கோமதிக்குக் கொடுப்பதற்கு அந்தப் பாட்டை மட்டும் கொப்பி எடுக்கக் கடையின் பின் அறையில் இருந்தோம். புதுக் கசட், நானா தன் கையாலேயே உறையைப் பிரித்தது. இடப்பக்கத்தில் ஜெஸீமா ராத்தாவின் கசட். நானாவின் விரல் எப்போதும்போலப் பொத்தானின் மேல். இசை தொடங்கியது. விரல் அங்கேயே இருந்தது, அமுக்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பவுமில்லை.

எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு அந்த மனிதன் தலையைத் திருப்பப் போகிறான் என்று தெரிந்ததும், மன்னார் வீட்டு அலுமாரியோடு விட்டு வந்த படம் ஞாபகம் வந்தது. வாப்பா எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. தொப்பி வருகிறது, தாடி வருகிறது, சிரிப்பு மட்டும் வரவே இல்லை. கண் நிறைந்து வழிந்துவிட்டது. நானா கண்டுவிடக்கூடாதென்று நான் சுவர்ப் பக்கம் திரும்பி, பள்ளிவாசல் கலண்டரில் தொழுகை நேரங்களை வாசித்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு ஓடி ஓய்ந்தது. டெக் நிற்கிற சத்தம் கேட்டது. ஏன் அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, எப்போதும் நான் சொல்கிற அதே தொனியில் சொன்னார்.

“முடிஞ்சிச்சு தங்கச்சி. திரும்புங்க.”